ரேடாருக்குள் யாருடைய சிப்?

'உத்தம்' ரேடார் பொருத்திய தேஜஸ் போர் விமானத்தின் மூக்குக் கூம்பைக் கழற்றினால், உள்ளே சுழலும் ஆன்டெனா எதையும் பார்க்க முடியாது. அசையாமல் நிற்கும் தட்டையான பலகை ஒன்றுதான் இருக்கும். அதன் முகம் முழுக்க நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் அலையை அனுப்பவும் வாங்கவும் தனித்தனி மாட்யூல். ஒவ்வொரு மாட்யூலும் தன் அலையைக் கணக்கிட்டபடி துளி முந்தியோ பிந்தியோ விடுகிறது. அதனால் பலகை அசையாமலேயே கற்றை கண்ணிமைப்பதற்குள் திசை மாறுகிறது. 'ஏசா' ரேடார் என்பது இதுதான். உத்தமை உருவாக்கியது, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்குப் பெங்களூரில் உள்ள எல்ஆர்டிஇ ஆய்வகம்.

போர் விமான ரேடார்கள் பெரும்பாலும் எக்ஸ் பேண்டில் இயங்குபவை. அந்த அலையின் நீளம் சுமார் 3 செ.மீ. பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்களுக்கு நடுவே அதில் பாதி அளவே இடைவெளி விடலாம். கூடினால், வேண்டாத திசைகளிலும் கற்றை கிளம்பிவிடும். ஆக, ஒரு மாட்யூலுக்குக் கிடைக்கும் அகலம் 1.5 செ.மீ.; ஒரு விரலின் அகலம். அலையைப் பெருக்கும் சிப், அதன் கட்டத்தை (முந்துவதை, பிந்துவதை) மாற்றும் சிப், பல கிலோமீட்டர் தாண்டி நைந்துபோய்த் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும் சிப் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். அவை கக்கும் வெப்பமும் வெளியேற வேண்டும்.

இதற்குமேல் இயற்கை போட்ட ஒரு கட்டுப்பாடும் உண்டு. அலை போகும்போது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மெலிகிறது. இலக்கில் மோதித் திரும்பும்போது அதே அளவுக்கு மறுபடியும் மெலிகிறது. அதனால், மற்றவை மாறாமல் ரேடார் பார்க்கும் தூரத்தை இரட்டிப்பாக்க 16 மடங்கு சக்தி வேண்டும். விரலகல இடத்தில் அந்தச் சக்தியைச் சிலிக்கானால் தர முடியாது. காலியம் ஆர்சனைடு ஓரளவுக்குத் தரும். காலியம் நைட்ரைடு அதைவிடப் பல மடங்கு மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கும். அதே பரப்பில் பல மடங்கு சக்தியைக் கொடுக்கும். உலகின் புதிய ராணுவ ரேடார்கள் அதற்கு மாறிக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே.

நாம் செய்திகளில் படிக்கும் செமிகண்டக்டர் வேறு. குஜராத்தின் தோலேராவில் டாட்டாவும் தைவானின் பிஎஸ்எம்சியும் 91,000 கோடி ரூபாயில் அமைக்கும் ஆலை சிலிக்கான் ஆலை. 28 நானோமீட்டர் வரை சிப் செய்யும். கார், கணினி, தொலைத்தொடர்புக்கெல்லாம் அது வேண்டும். ரேடாருக்கும் கணக்குப் போடும் மூளையாகச் சிலிக்கான் சிப் தேவைதான். ஆனால் தோலேரா எழுந்து நின்றாலும், ரேடாரின் சக்தியைத் தீர்மானிக்கும் பெருக்கி சிப் அங்கிருந்து வராது. நாட்டின் பாதுகாப்புக்காகவே ஃபேப் (சிப் ஆலை) கட்டுகிறோம் என்று பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள்.

பெருக்கிக்கு வேண்டிய காலியம் குடும்பத்துச் சிப்புக்கு இந்தியாவில் இரண்டு முகவரிகள் முக்கியம். டெல்லியில் உள்ள டிஆர்டிஓவின் திடநிலை இயற்பியல் ஆய்வகம் ஒன்று. ஹைதராபாத்தின் 'கேடெக்' மையம் மற்றொன்று. டெல்லி ஆய்வகம் 4 அங்குல சிலிக்கான் கார்பைடு வேஃபர்களை (சிப் செய்வதற்கான வட்டத் தகடுகளை) வளர்க்கும் முறையையும், 150 வாட் வரை தரும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களையும், 40 வாட் வரையிலான ஒருங்கிணைந்த சிப்களையும் உருவாக்கியிருக்கிறது. கேடெக்கில் சிறிய அளவில் உற்பத்தியும் நடக்கிறது. இது சாதாரணச் சாதனை அல்ல. இந்தத் தொழில்நுட்பத்தை வைத்திருக்கும் நாடுகள் அதை எளிதில் கைமாற்றித் தருவதில்லை.

பிறர் கையை எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே பாடம் உண்டு. எதிரியின் பீரங்கிக் குண்டு பறக்கும் பாதையைப் பார்த்து, அது எங்கிருந்து சுடப்பட்டது என்று காட்டும் ரேடாரை 1990-களில் நம் ராணுவம் அமெரிக்காவிடம் கேட்டது. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனையை அடுத்து வந்த தடைகளில் அந்த வழி அடைபட்டது. மறு ஆண்டே கார்கில் போர். எதிரியின் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, சுடும் பீரங்கியைச் சட்டென்று காட்டித்தரும் அந்தக் கருவி நம்மிடம் இல்லை. பிறகு எல்ஆர்டிஇயும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து, ஆகாஷ் ஏவுகணைக்கான 'ராஜேந்திரா' ரேடாரின் அனுபவத்தை வைத்து 'ஸ்வாதி'யை உருவாக்கின. இன்று அது ஆர்மீனியாவுக்கும் போகிறது. கார்கிலில் நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி எண்களைப் பார்ப்போம். சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 2025 செப்டம்பரில் 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றில் உத்தம் ரேடார் வரும் என்று அரசே அறிவித்தது. ஒரு ரேடாருக்கு ஆயிரம் மாட்யூல் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஒரு லட்சத்துக்குள்தான். 4 அங்குல வேஃபரின் பரப்பு சுமார் 80 சதுர செ.மீ. ஒரு பெருக்கி சிப்புக்கு 20 சதுர மி.மீ. போனால் ஒரு வேஃபரில் ஏறக்குறைய 400 சிப். பாதி பழுதாகிக் கழிந்தால்கூட 500 வேஃபரில் ஒரு லட்சம் சிப் வந்துவிடும். தோலேரா ஆலையின் இலக்கு, அதைவிடப் பெரிய வேஃபர்களில் மாதத்துக்கு 50,000.

இந்த 500 வேஃபரை நம்பி எந்தத் தனியார் நிறுவனமும் ஆலை கட்டாது, கட்டினால் நிலைக்காது. ரேடார் சிப்பைச் சந்தையிடம் விட்டுவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு இத்தனை வாங்குவேன் என்று அரசு முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். அதே உற்பத்தி வரிசையில் 5ஜி கோபுரங்களுக்கும் செயற்கைக்கோள்களுக்குமான காலியம் நைட்ரைடு பெருக்கிகளையும் செய்ய அனுமதிக்க வேண்டும். ஆலை ஓடிக்கொண்டே இருந்தால்தான் பழுதாகும் சிப்பின் விகிதம் குறையும். விட்டுவிட்டு ஓடினால் கைப்பழக்கம் போய்விடும். மொகாலியின் அரசு செமிகண்டக்டர் ஆலை 1989-இல் தீப்பற்றி எரிந்தபின் மீண்டு வரவே பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் உலகம் எங்கோ போய்விட்டது. இருந்தும், அதே மொகாலிதான் இன்று இஸ்ரோ ராக்கெட்டுகளுக்கான 'விக்ரம் 3201' சிப்பை 180 நானோமீட்டரில் செய்து தருகிறது. அதை விடாமல் வாங்க இஸ்ரோ இருந்தது.

கடைசியாக மூலப்பொருள். உலகின் முதல்நிலை காலியத்தில் ஏறத்தாழ முழுவதும் சீனாவில்தான் உற்பத்தியாகிறது. 2023 ஆகஸ்டு முதல் அதன் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயம் என்றது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடை செய்து, பின்னர் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. காலியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. பாக்சைட்டில் டன்னுக்குச் சுமார் 50 கிராம் கலந்திருக்கும். அலுமினா எடுக்கும்போது பெரும்பகுதி காஸ்டிக் கரைசலில் கரைந்து வந்து நிற்கும். அங்கிருந்து பிரித்தெடுக்க வேண்டும். இந்தியாவுக்கு இது புதிய வேலையல்ல: உத்தரப் பிரதேசத்தின் ரேணுகூட்டிலும் நம் மேட்டூரின் மால்கோ ஆலையிலும் ஒரு காலத்தில் காலியம் எடுத்திருக்கிறார்கள். மால்கோவில் இன்று அலுமினிய உற்பத்தியே இல்லை. ஆனால் ஒடிசாவின் தாமன்ஜோடியில் நால்கோவின் பெரிய அலுமினா ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. அதே மாநிலத்தில், புவனேஸ்வரத்தில், சிலிக்கான் கார்பைடு ஆலை ஒன்றுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ரேடாருக்கான காலியம் நைட்ரைடைப் பெரும்பாலும் வளர்க்கும் தளம் சிலிக்கான் கார்பைடு. ஆண்டுக்குச் சில டன் காலியம் பிரிக்கும் அமைப்புக்கு ஆகும் செலவு, ஃபேப் கட்டும் செலவில் ஒரு சிறு துளி. தோலேராவுக்குக் காட்டும் அவசரத்தில் கொஞ்சத்தைத் தாமன்ஜோடிக்கும் காட்டலாம்.