சிறை முகாமில் பளு தூக்கப் பழகிய நோஞ்சான் பையன்!
26 உலக சாதனைகள் செய்த டாமி கோனோ

அந்தப் பையனுக்கு மூச்சு இரைப்பு நோய். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போக முடியாது. பல நாள் படுக்கைதான்.

அவன் பிற்காலத்தில் பளு தூக்குவதில் 26 உலக சாதனைகள் செய்தான் என்றால் நம்ப முடிகிறதா?

பெயர், டாமி கோனோ. 1930-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள சாக்ரமெண்டோ நகரில் பிறந்தவர். பெற்றோர், ஜப்பானில் இருந்து பிழைக்கப் போனவர்கள்.

முள்வேலி

1941 டிசம்பரில், அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் விமானங்கள் குண்டு வீசின. அமெரிக்கா போரில் குதித்தது.

அமெரிக்காவில் குடியிருந்த ஜப்பானிய வம்சத்தார் மீது சந்தேகம் விழுந்தது. 1942-ல் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேரைக் குழந்தை குட்டிகளோடு முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள்! ஒரு குற்றமும் செய்யாதவர்கள்.

கோனோ குடும்பம் அடைபட்ட இடம், டூல் லேக் முகாம். சுற்றிலும் முள்வேலி. காவல் கோபுரம்.

அந்தக் கொடுமையிலும் ஒரு நன்மை! அது வறண்ட பிரதேசம். காய்ந்த காற்றில் டாமியின் மூச்சு இரைப்பு குறைந்தது.

அக்கம்பக்கத்து இளைஞர்கள் இரும்புக் குண்டு தூக்கிப் பழகுவார்கள். டாமியையும் சேர்த்துக் கொண்டார்கள். அப்போது அவனுக்கு வயது 14. எடை சுமார் 48 கிலோ!

சமையல்காரர்

போர் முடிந்து விடுதலை ஆன பிறகும் டாமி குண்டு தூக்குவதை விடவில்லை.

பின்னர் அவரை ராணுவத்தில் சேர்த்தார்கள். கொரியாப் போர் நடந்த நேரம் அது. அங்கே சமையல்காரராக அனுப்ப இருந்தார்கள். "இவர் ஒலிம்பிக்கில் ஜெயிக்கக்கூடியவர்" என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கினார். எந்த நாடு அவரை அடைத்து வைத்ததோ, அந்த நாட்டுக்காகத்தான்!

(அந்த நாட்டு அரசாங்கம் 1988-ல்தான் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20 ஆயிரம் டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது.)

7 வேளைச் சாப்பாடு

பளு தூக்குவதில், உடல் எடைப்படி பல பிரிவுகள் உண்டு. பெரும்பாலான வீரர்கள் ஒன்று, இரண்டு பிரிவுகளோடு நின்றுவிடுவார்கள். கோனோ 4 பிரிவுகளில் உலக சாதனை செய்தார். 

எடை கூட வேண்டுமா? ஒரு நாளைக்கு 6, 7 வேளை சாப்பிடுவார். குறைய வேண்டுமா? 3 வேளையோடு சரி!

1952-ல் 67½ கிலோ பிரிவில் ஜெயித்தவர், 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 82½ கிலோ பிரிவில் தங்கம் வென்றார். மூன்று விதமாகத் தூக்கிய எடையைக் கூட்டினால் 447½ கிலோ! அது உலக சாதனை.

1952 முதல் 1959 வரை, ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டிகளிலும் அவரைத் தோற்கடித்தவர் இல்லை. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில், ரஷிய வீரர் குரினோவ் அவரை முந்தினார். கோனோவுக்கு வெள்ளிப் பதக்கம்.

கட்டழகிலும் அவர் குறைந்தவர் அல்ல. 1961-ல் வியன்னாவில் உலக ஆணழகன் பட்டம் பெற்றார். அதை ஒரு பையன் கண்கொட்டாமல் பார்த்தான். அவன் யார் தெரியுமா? பின்னாளில் சினிமாவில் கொடிகட்டிப் பறந்த அர்னால்டு சுவார்சநேக்கர்!

பிறகு கோனோ, மெக்சிகோ, மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஒலிம்பிக் வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார். 2016-ல் ஹவாய்த் தீவுகளில் உள்ள ஹொனலூலுவில் காலமானார். வயது 85.

பளு தூக்கும் வீரர்கள் முழங்காலில் ரப்பர் பட்டை மாட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.