வேலைக்காரப் பையன் அயோக்கியன் ஆன கதை

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் யாருக்காவது கோபம் வந்தால் அடிக்கடி தெறிக்கும் வசை, 'நேவ்'. அயோக்கியன், எத்தன் என்கின்றன அகராதிகள். ஆனால் பிறந்தபோது அந்தச் சொல் ஒரு பாவமும் அறியாதது. பழைய ஆங்கிலத்தில் 'க்னாவா' என்றால் வெறும் பையன். அதன் ஜெர்மன் உறவான 'க்னாபெ' இன்றும் சிறுவனைத்தான் குறிக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? பையன் பெரிய வீட்டுக்கு எடுபிடியாகப் போனான். சொல்லும் கூடவே போனது. முதலில் வேலைக்காரன், பிறகு தாழ்ந்தவன், கடைசியில் நம்பத்தகாதவன். ஏழை என்றால் நாணயம் இருக்காது என்ற எஜமானர்களின் தீர்ப்பு, அகராதியிலும் ஏறிவிட்டது.

1608-ல் அச்சான 'கிங் லியர்' இதற்குச் சாட்சி. வேலைக்காரனாக மாறுவேடம் பூண்ட கென்ட் பிரபு, ஆஸ்வால்ட் என்ற ஊழியனைச் சரமாரியாகத் திட்டுகிறார். மிச்சம் மீதி தின்பவன், மூன்றே உடுப்பு உள்ளவன், பட்டுக்கு வழியில்லாமல் கம்பளிக் காலுறை மாட்டுபவன்... இந்த வசவுகளில் குற்றம் எங்கே? எல்லாம் வேலைக்காரனின் வாழ்க்கை. அதே நாடகத்தில் மன்னர் லியர் தன் விதூஷகனை அதே சொல்லால் செல்லமாக அழைக்கிறார். தமிழில் 'பயல்' கொஞ்சலாகவும் ஏச்சாகவும் ஒலிப்பது போலத்தான்.

'நைட்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் பையனையும் ஏவலாளையுமே குறித்தது. அந்தப் பையன் குதிரையேறிப் போர்வீரன் ஆனான். சொல் கௌரவப் பட்டமாக உயர்ந்தது. குசினியில் நின்றவன் 'நேவ்' ஆனான். நம் சினிமாவின் 'வில்லன்' கதையும் வேறல்ல. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அவன், ஆதியில் நிலப்பிரபுவின் மண்ணோடு கட்டுண்ட பண்ணையாள்.

சீட்டுக்கட்டில் மட்டும் 'நேவ்' நெடுநாள் தாக்குப்பிடித்தான், ராஜா ராணிக்கு அடுத்தபடியாக. அந்தச் சீட்டை 'ஜாக்' என்பது பாமரப் பேச்சு. 1861-ல் முடிந்த டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தொடர்கதையில், மாளிகைச் சிறுமி எஸ்டெல்லா, 'ஜாக்' என்று சொல்லிவிட்ட ஏழைப் பையன் பிப்பை ஏளனம் செய்கிறாள். பிற்பாடு சீட்டின் மூலையில் எழுத்து அச்சிடும் வழக்கம் வந்தது. கிங், நேவ் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து 'கே'. ஆட்டக்காரர்கள் குழம்பினார்கள். 'நேவ்' வெளியேற, 'ஜாக்' உள்ளே வந்தது.

எஸ்டெல்லா சிரித்த சொல்தான் இன்று உலகம் முழுக்கச் சீட்டாடுகிறது.