உஷார்! மினுக்கும் சிவப்பெல்லாம் ஒரே சிவப்பு அல்ல

படத்தைப் பார்த்தே சிவப்பு கிடார் வாங்கப் போகிறீர்களா? வீட்டில் இருக்கும் கிடாருக்கு ஜோடியாக அதே நிறத்தில் ஒரு பேஸ் கிடார் தேடுகிறீர்களா? சிராய்ப்பு விழுந்த இடத்தில் கொஞ்சம் பெயின்ட் அடித்துச் சரிக்கட்ட நினைக்கிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்! 'மெட்டாலிக் ரெட்' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு பூச்சு முறைகள் ஒளிந்திருக்கின்றன. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நேரில் ஒட்டாது.

ஒன்று, சிவப்புச் சாயத்திலேயே உலோகத் துகளைக் கலந்து அடிப்பது. மற்றது கேண்டி. இதில் முதலில் வெள்ளி அல்லது பொன் நிற மெட்டாலிக் கோட், அதன்மேல் ஒளி புகும் சிவப்பு, கடைசியில் நிறமற்ற கிளியர் கோட். வெளிச்சம் சிவப்பைத் துளைத்துப் போய், அடியிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது. கண்ணைப் பறிக்கும் அந்த ஆழம் அப்படி வருவதுதான்.

ஃபெண்டர் கிடார் கம்பெனியின் கேண்டி ஆப்பிள் ரெட் இந்த வகை. 1963 வாக்கில் வந்தது. அறுபதுகளில் சிலவற்றுக்கு அடியில் வெள்ளி, சிலவற்றுக்குப் பொன். வெள்ளி இருந்தால் பளீர் சிவப்பு. பொன் இருந்தால் ஆரஞ்சு சாயல். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஆனாலும் இரண்டு சிவப்பு!

பெயரிலும் ஏமாறாதீர்கள். ஃபெண்டரின் ஃபியஸ்டா ரெட், டகோட்டா ரெட் இரண்டிலும் மினுக்கமே கிடையாது. பர்கண்டி மிஸ்ட் மெட்டாலிக்கில் மினுக்கம் உண்டு. ஆனால் அது ரோஜாவும் ஊதாவும் கலந்த வெளிர்நிறம். மிட்நைட் வைன் கறுப்பை நெருங்கும் ஒயின் சிவப்பு. போதாக்குறைக்கு, பழைய கிடார்களில் அடித்த நைட்ரோ லேக்கர் பூச்சு வருஷம் போகப்போக மஞ்சளிக்கும். 60 வருஷப் பழைய கிடாரின் சிவப்பைப் புதுசோடு ஒப்பிடவே முடியாது.

பெரிய ஆபத்து டச்-அப்பில் இருக்கிறது. கார் கடையில் வாங்கிய சிவப்பு மெட்டாலிக் பெயின்ட்டைக் கேண்டி பூச்சின்மேல் தொட்டு வைத்தால், அந்த இடம் செத்த திட்டாகத் தெரியும். ஒளி புகும் சிவப்பையே வாங்கி அடித்தாலும், கோட் கூடக்கூட நிறம் கறுத்துக்கொண்டே போகும். பழசும் புதுசும் சேரும் விளிம்பில் இருண்ட வளையம் விழும். ஒரிஜினல் பூச்சு கெட்டால் பழைய கிடாரின் விலை பெருமளவு சரிந்துவிடும். தயவுசெய்து நீங்களாகக் கை வைக்காதீர்கள்!

வாங்குமுன் கட்டாயம் செய்யவேண்டியவை:

வெயிலில், நேராகவும் சாய்த்தும் எடுத்த படங்களைக் கேளுங்கள். டியூப்லைட்டில் எடுத்த படத்தை நம்பவேண்டாம்.

பிக்கார்டைக் கழற்றி, அதன் அடியையும் நெக் பொருந்தும் குழியையும் காட்டச் சொல்லுங்கள். சிராய்ப்பு ஓரங்களில் சிவப்புக்குக் கீழே வெள்ளியோ பொன்னோ எட்டிப்பார்த்தால் அது கேண்டி. சம்பந்தமில்லாத வேறு நிறம் தெரிந்தால், பழைய கிடார்களை அறிந்தவரிடம் காட்டும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

இன்றைய ஃபெண்டர் என்றால் மாடல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 09 கேண்டி ஆப்பிள் ரெட், 40 ஃபியஸ்டா, 54 டகோட்டா. எண் ஒத்துப்போனாலும் ஜோடி சேர்ப்பவர்கள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தே முடிவெடுங்கள்.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். பூச்சு நைட்ரோ லேக்கர் என்றால் ரப்பர் பதித்த ஸ்டாண்டில் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள். ரப்பர் லேக்கரை இளக்கித் தடம் பதித்துவிடும். ஸ்டாண்டில் பருத்தித் துணி சுற்றிய பிறகே கிடாரை அதில் சாய்த்து வையுங்கள்.

விற்பவர் அவசரப்படுத்தினால் மசியாதீர்கள். கேட்ட படங்கள் வந்து சேரும்வரை உங்கள் பணம் உங்களிடமே இருக்கட்டும்.