நான்காம் ஆண்டு லேபுக்குள் நுழையும் முன்

உயிரியல் மாணவர்களுக்கு நான்காம் ஆண்டு ஆசை காட்டும் ஆண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் ‘ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்’ பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், இதற்கு 160. அதில் 12 கிரெடிட் ஆய்வேட்டுக்கு உரியது. நான்காண்டுப் படிப்பை முன்வைக்கும் தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்காததால் இங்கே மூன்றாண்டு பி.எஸ்சி.தான் வழக்கம். ஆனால் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும் படிக்கப் போகும் தமிழ் மாணவர்களுக்கு நான்காண்டுப் படிப்பு புதிதல்ல.

“ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தால்தான் நேரடியாக பிஎச்.டி.” என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. விதிமுறைகள் அப்படிச் சொல்லவில்லை. நான்காண்டு இளநிலைப் பட்டமும் மொத்தத்தில் 75 சதவீத மதிப்பெண்ணும்தான் அவை கேட்பவை. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதம் வரை தளர்வும் உண்டு. ஆகவே இந்த அச்சத்துக்காக மட்டும் யாரும் பிடிக்காத லேபில் ஓராண்டைக் கழிக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சியில் உண்மையிலேயே நாட்டம் இருப்பவர்கள்தான் அடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும்.

லேபில் மாணவர் செய்வது தொழிலாளி செய்யும் வேலை. கிருமி வளர்க்கிறார், அமிலம் ஊற்றுகிறார், திரவ நைட்ரஜன் எடுத்துவருகிறார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் ஊழியர் அல்ல. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவில் நடந்த இரண்டு மரணங்கள் காட்டுகின்றன. 2012 ஏப்ரலில், சான்ஃபிரான்சிஸ்கோவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையின் ஆய்வகத்தில் மூளைக்காய்ச்சல் பாக்டீரியாவைக் கையாண்ட 25 வயது ஆய்வு உதவியாளருக்கு ஒரு மாலை தலைவலியும் காய்ச்சலும் வந்தன. மறுநாள் அவர் உயிருடன் இல்லை. அவர் ஊழியர் என்பதால் பணியிடப் பாதுகாப்புத் துறை உள்ளே வந்தது. கிருமியைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கையாள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நோய் அறிகுறிகளை அடையாளம் காணப் பயிற்சி தரவில்லை, தடுப்பூசி போடவில்லை என்று அந்த ஆய்வகத்தின் மீது அதிகாரபூர்வமாகக் குற்றம் சாட்டியது. அதற்கு ஓராண்டு முன்பு யேல் பல்கலைக்கழகத்தில், இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக இரவில் தனியாகக் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்த இயற்பியல் மாணவி, தலைமுடி சிக்கி இறந்தார். அங்கும் அதே துறை விசாரித்தது, குறைகளைச் சுட்டிக் கடிதமும் எழுதியது. ஆனால் இறந்தவர் மாணவி, ஊழியர் அல்ல. அதனால் பல்கலைக்கழகத்தின் மீது நடவடிக்கை எடுக்க அதற்கு அதிகாரம் இல்லை.

இந்தியாவிலும் பணியிட விபத்துக்கான சட்டபூர்வ இழப்பீடு ஊழியர்களுக்கானது. எனவே ஆய்வு வழிகாட்டியான கைடிடம் முதல் நாளே கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த உயிர்ப் பாதுகாப்பு நிலை கொண்ட லேப் இது? பயிற்சி தருவது யார்? விபத்து நடந்தால் செலவு யாருடையது, மாணவர் காப்பீடு உண்டா? இரவில் தனியே வேலை செய்ய வேண்டியிருக்குமா? பதில்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது நல்லது. கேட்டால் கைடு கோபிப்பாரோ என்று தயங்குகிறவர்கள் அதிகம். இந்தக் கேள்விகளுக்கே கோபிக்கும் கைடிடம் ஓராண்டு வேலை செய்ய முடியுமா என்பதையும் யோசிக்கலாம். இந்தக் கேள்விகள் வீண் அல்ல: ஜெல்லில் டி.என்.ஏ.வைப் பார்க்க உதவும் எத்திடியம் புரோமைடு மரபணு மாற்றத்தைத் தூண்டக்கூடியது. அதைத் தொட நைட்ரைல் கையுறை வேண்டும். 1 லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயுவாகும்; காற்றோட்டமில்லாத அறையில் அது சத்தமில்லாமல் மூச்சை அடைத்துவிடும்.

உயிரியலுக்கே உரிய இன்னொரு சிக்கல் அனுமதி. எலியை வைத்துச் சோதனை என்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நண்பர்களின் ரத்தத்தை எடுத்து ஆராய்வதற்கும் மனித ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. சரணாலயத்துக்குள் போய் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கைடு சொன்னால் போதாது, அனுமதிக் கடிதத்தின் நகல் மாணவரின் கையிலும் இருக்க வேண்டும். காட்டில் பிடிபடுவது தவளை பிடிக்கப் போனவர்தான், துறைத் தலைவர் அல்ல.

களப்பயணத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால், “வளாகத்துக்கு வெளியே நடந்தது” என்று கல்லூரி கைகழுவ முடியாது. மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் களப்பயணம், கல்விச் சுற்றுலா, இன்டர்ன்ஷிப், அதற்குப் போகும் வாகனம் எல்லாவற்றையும் வளாகத்தின் பகுதியாகவே கணக்கில் கொள்கின்றன. உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும்.

ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் வரும் என்பது லேபுக்கு லேப் மாறும். மாதக்கணக்கில் சோதனை செய்தவரின் பெயர் கட்டுரையில் விடுபடுவதும், லேபுக்கே வராதவரின் பெயர் முதலில் நிற்பதும் நடக்கின்றன. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த அளவுகோல் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்பு ஆகிய நான்கும் இருப்பவரே ஆசிரியர். இதைத் தொடக்கத்திலேயே பேசி முடிப்பது நல்லது. லாக் புத்தகம் பொதுவாக லேபுக்குச் சொந்தம். தேதியிட்டு எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, அதற்கும் ஒப்புதல் பெறுங்கள். காசு வாங்கிக்கொண்டு தரவும் ஆய்வேடும் சேர்த்துத் தரும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ பக்கம் போகவே வேண்டாம். வாய்மொழித் தேர்வில் அந்தத் தரவில் உள்ள எண்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் மாணவர்தான்.

நியாயமற்ற மதிப்பீடு, முடிவை இழுத்தடிப்பது, சான்றிதழைப் பிடித்துவைப்பது போன்றவற்றுக்கு 2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர் விதிமுறைகள் வழி காட்டுகின்றன. முதலில் நிறுவனத்தின் மாணவர் குறைதீர்க் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர் அலுவலரான ஆம்பட்ஸ்பெர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம், அவர் 30 நாட்களுக்குள் தீர்வு காண முயல வேண்டும். அரசு நிறுவனமாக இருந்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுவும் போடலாம். திருத்தப்பட்ட விடைத்தாளை மாணவர் கேட்டுப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்தக் குறைதீர் விதிகளைத் தொடர்ந்து மீறும் நிறுவனத்தின் மானியத்தை நிறுத்திவைக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. குழுவின் ‘இ-சமாதான்’ இணைய வாயிலில் புகாரைப் பதிவு செய்யலாம்.