காற்றும் கடலும் – 11: இரண்டு தகர டப்பாக்கள்

போன வாரம் பாம்பன் பாலத்துக் காற்றுமானியோடு நிறுத்தியிருந்தோம். காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விழும் என்பது நினைவிருக்கும். அங்கிருந்து நேரே தனுஷ்கோடியின் காற்றளவுக் கோபுரத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் இரண்டு தகர டப்பாக்கள் குறுக்கே வந்துவிட்டன.

ஒன்று பூனைத் தீனி வந்த டப்பா, மற்றது காபித்தூள் டப்பா. 1955-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் சிறிய படகுத் தொழில் நடத்திக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் காக்கரெல், சின்ன டப்பாவைப் பெரிய டப்பாவுக்குள் வைத்துப் பொருத்தினார். இரண்டுக்கும் நடுவே வளையமாக ஒரு சந்து. மேலிருந்து ஊதுகருவியால் காற்றை அந்தச் சந்து வழியாகக் கீழே செலுத்தினார். கீழே சமையலறைத் தராசு. உள் டப்பா இல்லாமல் அதே காற்றை ஊதினால் தராசு எவ்வளவு காட்டுமோ, அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு காட்டியது. காற்றும் அதேதான், ஊதுகருவியும் அதேதான். நடுவில் ஒரு டப்பாவை வைத்ததற்கு மூன்று மடங்கு பலன்! இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் இதுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

விஷயம் எளிமையானது. விளிம்பைச் சுற்றி இறங்கும் காற்று ஒரு திரைபோல நின்று, நடுவில் அடைபட்ட காற்றை வெளியே விடுவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம்தான் மேலே இருப்பதைத் தூக்கி நிறுத்துகிறது.

காக்கரெல் மார்க்கோனி கம்பெனியில் வானொலிப் பொறியாளராக இருந்து, வேலையை விட்டு வந்தவர். மனைவிக்கு வந்த சொத்துப் பணத்தில் படகுத் தொழிலைத் தொடங்கினார். படகின் அடிப்பாகத்தைத் தண்ணீர் பிடித்து இழுப்பதால்தானே இவ்வளவு எண்ணெய் வீணாகிறது, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தினால் என்ன என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. டப்பாக்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டன. அதிகாரிகளிடமிருந்துதான் பதில் வரவில்லை. கடற்படை இது விமானம் என்றது. விமானப்படை இது படகு என்றது. தரைப்படைக்கு அக்கறையே இல்லை. தனியாக யோசிக்கிற கண்டுபிடிப்பாளர் எந்த நாட்டில் பிறந்தாலும் நின்றாக வேண்டிய வரிசை அது. ஆனாலும் 1959 ஜூலை 25 அன்று, காற்று மெத்தையில் மிதக்கும் அவருடைய ஹோவர்கிராப்ட் என்ற வாகனம் பிரான்ஸின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. லூயி பிளெரியோ அதே கால்வாயை விமானத்தில் கடந்து அன்றோடு சரியாக 50 ஆண்டுகள். காக்கரெலும் அந்தப் பயணத்தில் இருந்தார். கலத்தின் எடை சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகத் தானே மேல்தளத்தில் நகர்ந்து நகர்ந்து நின்றுகொண்டு வந்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

அதே ஆண்டுகளில் பெங்களூரின் விமான மேம்பாட்டு நிறுவனத்தில், ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவிலிருந்து போன ஓர் இளைஞர் நால்வர் குழுவோடு ஹோவர்கிராப்ட் கட்டிக்கொண்டிருந்தார். அப்துல் கலாமை ராக்கெட்டோடும் ஏவுகணையோடும் சேர்த்தே நாம் நினைக்கிறோம். அவர் முன்னின்று கட்டிய முதல் வாகனம் காற்று மெத்தையில் மிதந்தது. அதற்கு சிவனின் வாகனமான நந்தியின் பெயர். தன் எடையும் சேர்த்து 550 கிலோவைத் தரையிலிருந்து ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் உயரத்தில் தூக்கி நிறுத்தியது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறி உட்கார்ந்தார். உடன் வந்த விமானப்படை அதிகாரி, அனுபவமில்லாத ஒருவர் ஓட்டுகிறாரே என்று தயங்கியும் மேனன் இறங்கவில்லை. கலாமே ஓட்டிக் காட்டினார்.

கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல ஒரு மரப்படகு கட்டினார். கடற்கரையில் அந்தப் படகு உருவாவதைச் சிறுவனாக இருந்த கலாம் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு ஒரு புயல் அதைக் கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டுப் பையன், தண்ணீரே தொடாத ஒரு வாகனத்தைக் கட்டினான் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1962-ல் சீனப் போரையொட்டி மேனன் பதவி விலகினார். நந்தியை மேலே கொண்டுபோக ஆளில்லை. நடுவில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன் வந்து பார்த்து, அதில் ஒரு சுற்றும் போய்விட்டுப் போனார். அதையடுத்துத்தான் விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் நேர்முகத் தேர்வுக்குக் கலாமுக்கு அழைப்பு வந்தது. ராக்கெட்டுக்கு ஓர் ஆள் கிடைத்தார். ஹோவர்கிராப்ட் அநாதையானது.

நந்தியின் 40 மில்லிமீட்டர் கடலுக்குப் போதாது என்பது உண்மைதான். நம் பாக் நீரிணையின் சிற்றலைகூட அதைவிட உயரம். ஆனால் கலத்தின் விளிம்பில் ரப்பர் பாவாடையைக் கட்டித் தொங்கவிட்டால் அலையைத் தாண்டலாம் என்பதை இங்கிலாந்துக்காரர்கள் அந்தக் காலத்திலேயே செய்து பார்த்துவிட்டார்கள். நம்மவர்களுக்கு இன்னும் சில ஆண்டுகளும் கொஞ்சம் பணமும் கொடுத்திருந்தால் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார்களா? வந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

ஏனென்றால் இந்த வாகனத்துக்கென்றே அமைந்த கடல் இந்தியாவில் ஒன்று இருக்குமானால் அது நம்முடையதுதான். தனுஷ்கோடியின் அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு மணல் தீடைகள். வடக்கே மீனவர்கள் பெண்கடல் என்கிற பாக் நீரிணை, தெற்கே ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் முழங்கால் தண்ணீர், அடுத்த இடத்தில் ஆழம், காற்றுக்காலம் மாறினால் தீடையே இடம் மாறும். ரோந்துக் கப்பல் வந்தால் தரைதட்டும். விமானம் வந்தால் இறங்க இடமில்லை. நீரும் நிலமும் மாறி மாறி வருகிற இந்த இடத்தில் ஹோவர்கிராப்டுக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான். தண்ணீருக்குள் சுழலும் விசிறி அதற்கு இல்லை என்பதால் வலை சிக்காது. கடல்தாழைப் படுகையில் மேயும் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கும் வெட்டு விழாது.

மண்டபம் கடலோரக் காவல்படை நிலையத்தில் இன்று நிற்கும் ஹோவர்கிராப்ட்கள் பிரிட்டனின் கிரிஃபான் நிறுவன வடிவமைப்பு. 2022-ல் இலங்கை நெருக்கடியில் தவித்து ஓடிவந்த குடும்பங்களைப் படகோட்டிகள் இரவோடு இரவாகத் தீடைகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். கைக்குழந்தையோடு, குடிக்கத் தண்ணீரில்லாமல், நாலாபுறமும் கடல் சூழ உட்கார்ந்திருந்த அந்த மக்களைக் கரைசேர்க்க இந்த வாகனங்கள்தான் போயின. ராமேஸ்வரத்துப் பிள்ளை பெங்களூரில் ஓட்டிக் காட்டிய வாகனம் ராமேஸ்வரத்துக் கடலுக்கு வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயின, அதுவும் வெளிநாட்டு வரைபடத்தில். 2024 அக்டோபரில்தான் இன்னும் 6 கலங்களைக் கோவாவின் சௌகுலே நிறுவனத்தில் கட்டுவதற்குப் பாதுகாப்பு அமைச்சகம் 387.44 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. இவையாவது நம் மண்ணில் உருவாகட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காற்றில் மிதப்பதற்குத் தண்ணீரில் பிடிமானம் இல்லை. பக்கவாட்டில் காற்று பலமாக அடித்தால் ஹோவர்கிராப்ட் விலகிப்போகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஓட்டுநர் மூக்கை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தபடிதான் நேராகப் போக முடியும். ஆக, தனுஷ்கோடியில் காற்று எந்தத் திசையில், எந்த மாதத்தில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்ற கணக்கு காற்றாலை போடுகிறவருக்கும் வேண்டும், மீட்புக்குப் போகிறவருக்கும் வேண்டும். தேசிய காற்றாற்றல் நிறுவனம் அங்கே நட்ட 100 மீட்டர் கோபுரம் அந்தக் கணக்கைத்தான் எடுத்தது. அதன் உச்சியிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)