ஒரே போர், இரண்டு பெயர்: சீன வம்சங்கள் நிலம் பிடித்த கதையை எழுதியது யார்?

ஜெட் லீ நடித்த ‘ஹீரோ’ (2002) படத்தின் கிளைமாக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? சின் மன்னனைக் கொல்ல வந்த வீரன், பத்தடி தூரம் வரை நெருங்கிவிட்டு, கடைசி நொடியில் மனம் மாறுகிறான். காரணம்? அடித்துக்கொள்ளும் நாடுகளை எல்லாம் ஒன்றாக்கி அமைதி கொண்டுவர இவனால்தான் முடியும் என்ற எண்ணம். படம் வெளியானபோதே, இது சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறது என்ற விமர்சனமும் வந்தது.

அந்த சர்ச்சைக்கு அடியில் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. ஒரு அரசு பக்கத்து அரசின் நிலத்தைப் பிடித்தால், அது எப்போது ‘ஒன்றிணைப்பு’ ஆகிறது, எப்போது ‘ஆக்கிரமிப்பு’ ஆகிறது? பெய்ஜிங், ஹனோய், சியோல் மூன்று இடங்களிலும் இதற்குப் பதில் வேறு வேறு.

முதலில், நடந்தது என்ன?

கி.மு. 221-ல் சின் அரசு மற்ற 6 அரசுகளையும் வீழ்த்தி முதல் பேரரசை உருவாக்கியது. அதோடு நிற்கவில்லை. தெற்கே, இன்றைய குவாங்டாங், குவாங்சி பகுதிகளுக்குள் படை நுழைந்தது. படைக்கு உணவு தானியம் போய்ச்சேர மலைகளுக்கு நடுவே சுமார் 36 கிலோமீட்டர் நீளத்துக்கு லிங்சூ கால்வாயை வெட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது. பேரரசுதான் 15 வருஷத்தில் காலி.

அடுத்து வந்த ஹான் வம்சத்தின் தொடக்கம் அவ்வளவு கெத்தாக இல்லை. கி.மு. 200-ல் அதன் முதல் பேரரசரையே வடக்குப் புல்வெளியின் சியோங்னு குதிரைப்படை சுற்றி வளைத்தது. அதன்பிறகு பல ஆண்டுகள் பட்டு, தானியம், மணமுடிக்க இளவரசி என்று கொடுத்துதான் ஹான் அரசு அமைதியைக் காப்பாற்றிக்கொண்டது.

இதை மாற்றியவர் பேரரசர் வூ (கி.மு. 141 – 87). சியோங்னுக்களை வடக்கே விரட்டினார். மேற்கே மத்திய ஆசியாவுக்குப் போகும் ஹெக்சி பாதையைப் பிடித்தார். கி.மு. 111-ல் தெற்கே நான்யுவே, கி.மு. 108-ல் கிழக்கே கொரியாவின் பழைய ஜோசியோன் இரண்டும் வீழ்ந்தன. ஒரே ஆட்சிக்காலத்தில் நான்கு திசையிலும் எல்லை நகர்ந்தது.

இதில் நமக்கும் ஒரு சின்ன இணைப்பு உண்டு. நான்யுவேயைப் பிடித்ததும் தென்கடல் துறைமுகங்கள் ஹான் அரசின் கைக்கு வந்தன. அங்கிருந்து கப்பல்கள் சென்ற ‘ஹுவாங்ஜி’ என்ற தூரதேசத்தை ஹான் வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. அது நம்ம காஞ்சிபுரமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு அல்ல.

அடித்தால் ‘திருத்தம்’, வாங்கினால் ‘கொள்ளை’

சீனாவில் ஒரு வம்சம் விழுந்த பிறகு, அதன் அதிகாரபூர்வ வரலாற்றை அடுத்த வம்சத்தின் அரசவை எழுதுவது வழக்கமானது. அந்த எழுத்தில் போருக்கு ஒரே வினைச்சொல் கிடையாது. பேரரசின் படை வெளியே போனால் ‘ஜெங்’. அதாவது, மேலே இருப்பவர் தப்பு செய்தவரைத் திருத்தப் போவது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து படை வந்தால் ‘கோவ்’, அதாவது கொள்ளை. போர் முடிந்தால் ‘பிங்’: சமன் செய்தாகிவிட்டது, அமைதிப்படுத்தியாகிவிட்டது.

ஊர்ப் பெயர்களிலும் இதே கதை. 7-ம் நூற்றாண்டில் தாங் வம்சம் தான் பிடித்த பகுதிகளை ஆள அமைத்த தலைமையகங்களைப் பாருங்கள். மேற்கே 640-ல் ‘அன்சி’, கொரியாவில் 668-ல் ‘அன்டோங்’, வியட்நாமில் 679-ல் ‘அன்னான்’. பொருள் முறையே: அமைதிப்படுத்திய மேற்கு, அமைதிப்படுத்திய கிழக்கு, அமைதிப்படுத்திய தெற்கு. யாருடைய அமைதி என்று பெயரில் இல்லை.

சியோங்னுக்கள் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்களோடு சண்டை போட்ட ஹான் தரப்பு எழுதியது. தங்கள் கதையைச் சொல்லும் நூல் எதையும் அவர்கள் விட்டுச்செல்லவில்லை.

அப்போ உள்ளேயே யாரும் கேள்வி கேட்கலையா?

கேட்டார்கள். அதுதான் இந்தக் கதையின் சுவாரஸ்யமான பகுதி.

பேரரசர் வூவின் அவையில் இருந்த சிமா சியான், தோற்றுச் சரணடைந்த ஒரு தளபதிக்காகப் பரிந்து பேசினார். தண்டனை: ஆண்மை நீக்கம். அவமானத்தோடு உயிர் வாழ்ந்து அவர் எழுதி முடித்த ‘ஷிஜி’தான் சீன வரலாற்று எழுத்துக்கே அடித்தளம்.

‘வானத்துக் குதிரைகள்’ வேண்டும் என்பதற்காக மத்திய ஆசியாவின் ஃபெர்கானா மீது நடந்த போரின் கணக்கை அந்த நூல் அப்படியே தருகிறது. இரண்டாவது முறை கிளம்பியவர்கள் 60,000 பேர். எல்லை வாயிலுக்குள் திரும்பியவர்கள் 10,000 சொச்சம். கிடைத்தது சில பத்து உயர்ரகக் குதிரைகளும், 3,000-க்கும் மேற்பட்ட நடுத்தரக் குதிரைகளும். பலர் செத்தது எதிரியால் அல்ல, வீரர்களைக் கவனிக்காமல் சுருட்டிய அதிகாரிகளால் என்றும் அது பதிவு செய்கிறது.

போர்ச் செலவுக்காக உப்பும் இரும்பும் அரசின் ஏகபோகமாகின. வூ இறந்து 6 ஆண்டுகளில், கி.மு. 81-ல், இது சரியா என்று அரசவையிலேயே ஒரு பெரிய விவாதம் நடந்தது. எல்லையைக் காக்கப் பணம் வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். மக்களைக் கசக்கிப் பிழிந்து தூரதேசத்தில் போர் எதற்கு என்றார்கள் கன்பூசிய அறிஞர்கள். வெற்றிக் கதைகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

வியட்நாமில் கதை எப்படி மாறுகிறது?

கி.பி. 40-ல் இன்றைய வடக்கு வியட்நாமில் ட்ரங் சகோதரிகள் ஹான் ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். 43-ல் தளபதி மா யுவான் அதை அடக்கினார்.

சீன நூலின்படி, ஆளுநர் சட்டப்படி நடவடிக்கை எடுத்தார், அக்கா கோபப்பட்டுக் கலகம் செய்தார். வியட்நாமிய நூல்களின்படி, அந்த ஆளுநர் அவருடைய கணவரைக் கொன்றார். முடிவும் வேறு. சீனப் பதிவில் இருவரின் தலைகளும் தலைநகருக்கு அனுப்பப்படுகின்றன. வியட்நாமிய மரபில் எதிரி கையில் சிக்காமல் இருவரும் ஆற்றில் குதிக்கிறார்கள். சீன மரபில் மா யுவான் மாவீரர். ஹனோயில் தெருவும் கோயிலும் அந்தச் சகோதரிகள் பெயரில்.

ஆனால் வியட்நாம் தரப்பும் எப்போதும் ஒரே குரலில் பேசவில்லை. நான்யுவே அரசை நிறுவிய ஜாவ் துவோ, சின் படையோடு வடக்கிலிருந்து வந்தவர். 1272-ல் எழுதப்பட்ட வியட்நாமிய வரலாற்று நூல் அவரைத் தங்கள் முதல் பேரரசராகக் கொண்டாடியது. 18-ம் நூற்றாண்டில் இன்னொரு அறிஞர் அதை மறுத்தார். இன்றைய வியட்நாமிய அதிகாரபூர்வ வரலாற்றில் அவர் ஒரு படையெடுப்பாளர். ஆள் ஒருவர்தான். எழுதிய காலம்தான் வேறு.

இதெல்லாம் பழைய கதைதானே, இப்போ ஏன்?

ஏனென்றால் இன்றைய எல்லைக்குள் வாழ்ந்த எல்லா இனங்களின் வரலாறும் சீன வரலாறே என்பது பெய்ஜிங்கின் இன்றைய நிலைப்பாடு. அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் பழைய படையெடுப்பு பல ‘உள்நாட்டுப் போர்’ ஆகிவிடும்.

இது வெடித்த இடம் கோகுரியோ. வட கொரியாவிலும் சீனாவின் வடகிழக்கிலும் பரவியிருந்த இந்த அரசு, 612-ல் சுயி வம்சத்தின் மாபெரும் படையெடுப்பைத் தோற்கடித்தது. 668-ல் தாங் – சில்லா கூட்டணியிடம் வீழ்ந்தது. கொரியர்களுக்கு இது சொந்த மூதாதையர் அரசு. 2002-ல் தொடங்கிய சீன ஆய்வுத் திட்டம் ஒன்று, அதைச் சீனாவின் பிராந்திய அரசுகளில் ஒன்றாக வகைப்படுத்தியது. தென் கொரியா கொதித்தது. பதிலுக்குத் தனி ஆய்வு நிறுவனமே தொடங்கியது. 2004-ல் யுனெஸ்கோ என்ன செய்தது தெரியுமா? வட கொரியாவில் உள்ள கோகுரியோ கல்லறைகளையும், சீனாவில் உள்ள கோகுரியோ தலைநகரங்களையும் ஒரே ஆண்டில், தனித்தனியாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

1,300 வருஷத்துக்கு முன் அழிந்த அரசுக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். ‘இது எப்போதுமே எங்களுடையது’ என்ற வாதம், நாளைய எல்லைப் பேச்சுவார்த்தையிலும் வந்து உட்காரும் என்ற பயம்தான் காரணம்.

சொற்களுக்கு இந்தச் சக்தி உண்டு என்பது சீன அரசுக்கும் தெரியும். கொரிய எல்லையை ஒட்டிய சீன நகரத்துக்கு 1965 வரை பழைய ‘அன்டோங்’ என்ற பெயரே இருந்தது. பக்கத்து நாட்டைப் புண்படுத்துகிறது என்று அந்த ஆண்டு ‘டான்டோங்’ என்று மாற்றினார்கள். வியட்நாம் எல்லையில் இருந்த வாயிலின் பெயர் ‘ஜென்னான்’, தெற்கை அடக்கும் வாயில். அது 1953-ல் ‘முனான்’ ஆனது, தெற்கோடு இணக்கம். 1965 முதல் அதன் பெயர் ‘நட்பு வாயில்’.