சிக்கனம் எங்கே தொடங்குகிறது?

வியாபாரம் மந்தமானால் செலவைச் சுருக்குவது குடும்பத்திற்கும் கம்பெனிக்கும் பொதுவான தர்மமே. ஆனால், எதை முதலில் சுருக்குவது என்னும் இடத்தில்தான் வினை விளைகிறது. சரக்கு உண்டாக்கும் யந்திரத்தை நிறுத்தினால் அன்றைக்கே நஷ்டம் தெரிந்துவிடும். விபத்தைத் தடுக்கும் சாதனத்தை நிறுத்தினாலோ மாதக்கணக்கில் ஒன்றும் தெரிவதில்லை. கணக்குப் புத்தகத்தில் அது லாபமாகவே காட்சி தரும்.

போபால் நகரில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் நேர்ந்த கொடுமையை அறியாதார் இல்லை. அதற்கு முந்திய மாதங்களின் கதையை அறிந்தவர் சிலரே. யூனியன் கார்பைடு ஆலை ஆண்டுக்கு 5,000 டன்னுக்கு மேல் பூச்சி மருந்து உற்பத்தி செய்ய அனுமதி பெற்றிருந்தது. விற்பனை எதிர்பார்த்தபடி அமையாமையால், அந்த அளவை எட்டாமலே நஷ்டத்தில் நடந்துவந்தது. ஆகவே சிக்கனம் தொடங்கிற்று.

அங்கே தொட்டிகளில் சேமித்திருந்த மீத்தைல் ஐசோசயனேட் என்னும் திரவத்தைச் சுழிப் பாகைக்கு அருகிலான குளிரில் வைத்திருக்க வேண்டும். வெப்பம் ஏறிய நிலையில் அதனுடன் நீர் கலந்தால் சீற்றம் விரைந்து பெருகும். அந்தக் குளிர்பதனச் சாதனம் 1984ஆம் ஆண்டின் நடுவில் நிறுத்தப்பட்டது. கசியும் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவி அடக்கும் அமைப்பு இயங்காமல் வைக்கப்பட்டிருந்தது. (இயங்கியிருந்தாலும் அவ்வளவு வாயுவையும் தாங்கியிராது என்பர்.) வாயுவை எரித்துவிடும் கோபுரத்திற்குச் செல்லும் குழாய் துருப்பிடித்ததால் கழற்றப்பட்டு, மாற்றுக் குழாய் பொருத்தப்படாமலே கிடந்தது. 12 பேர் பார்த்த வேலைக்கு 6 பேரே எஞ்சினர். இரவு ஷிப்டில் பராமரிப்பு மேற்பார்வையாளர் என்னும் பதவியே இல்லாமல் போயிற்று.

தொட்டிக்குள் நீர் எவ்வாறு புகுந்தது என்பதில் வாதப் பிரதிவாதம் உண்டு. புகுந்தபின் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை என்பதில் வாதத்திற்கு இடமில்லை. சுமார் 40 டன் வாயு உறங்கும் குடிசைகளின்மேல் படர்ந்தது. மத்தியப் பிரதேச அரசு ஒப்புக்கொண்ட மரணக் கணக்கு 3,787. உண்மைத் தொகை இதனினும் பன்மடங்கு என்போர் பலர்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1982லேயே ராஜ்குமார் கேஸ்வானி என்னும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் இந்த ஆலையால் நகருக்கு அபாயம் என்று எழுதினார். கேட்பாரில்லை.

இக்கொடுமைக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பெற்றது. உயிருக்கோ உடல்நலத்திற்கோ உடனடி ஆபத்து உண்டெனக் கருதும் தொழிலாளி, அதை நிர்வாகத்திற்கும், அதே சமயத்தில் இன்ஸ்பெக்டருக்கும் அறிவிக்கும் உரிமை அதனால் கிடைத்தது. 2020இல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமை இடம்பெற்றிருக்கிறது.

சட்டம் உரிமை தரும், துணிவு தருமா? அயல் மாநிலத்தில் வேலை பார்க்கும் நம்மவர் பலருக்குக் கம்பெனி வீடே வீடு. வேலை போனால் கூரையும் போகும். குழந்தைகளின் பள்ளிக்கூடமும் மாறும். ஆட்குறைப்புப் பேச்சு காற்றில் அடிபடும் நாட்களில், “முகமூடியின் வடிகட்டியை மாற்றவில்லையே” என்று கேட்க யாருக்கு நா எழும்? ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் பரிதாபம். அவர் பெயர் கம்பெனிப் பேரேட்டிலேயே இராது.

எனவே தனியாளாய் வாய்மொழியில் முறையிடுவதினும், பாதுகாப்புக் கமிட்டி மூலமாகவோ தொழிற்சங்கத்தின் மூலமாகவோ எழுத்தில் கொடுப்பது மேல். இன்ன கருவி, இன்ன தேதி முதல் பழுது என்று குறித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்துடன் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ளோரும் சம்பளத் தேதியை மட்டும் விசாரியாமல், கையுறை புதிதாய்க் கொடுத்தார்களா, இரவு ஷிப்டில் துணைக்கு ஆள் உண்டா என்றும் விசாரிக்கலாம்.